ஆறு அங்குலக் குழல்

மே 16, செவ்வாய்

அலாஸ்காவில் இது எனக்கு நான்காவது கோடை. மூன்று கோடைகளும் ஆய்வுகூடத்துக்குள் போயின. சால்மன் செதில்களைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, வளையங்களை எண்ணி, மீனின் வயதைச் சொல்வது வேலை. இந்த வருடம் அந்த மீன்கள் ஏறிவரும் ஆற்றுக்கே போகக் கேட்டேன். அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

டாலிக் ஆற்றின் குறுக்கே ஒரு மீன்வேலி உண்டு. நடுவில் சின்ன வாயில். ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரை அந்த வாயிலால் ஏறும் ஒவ்வொரு மீனையும் எண்ண வேண்டும். முன்பு மூன்று பேர் போவார்கள். இம்முறை ஆள் இல்லை. நானும், மீன்வேலியில் பழைய ஆளான வாசிலியும் மட்டும். மீன் ஏறும் ஆற்றில் பழுப்புக் கரடியும் இருக்கும் என்பதால், போகும் இருவரும் ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்று புதிய விதி போட்டிருக்கிறார்கள்.

களஞ்சியத்தில் மார்லா இரண்டு ரிவோல்வர்களை மேசையில் வைத்தாள். களஞ்சியத்துக்கும் சூட்டுப் பயிற்சிக்கும் அவள்தான் பொறுப்பு. என் வயதுதான் இருக்கும். முன்பு நண்டுப் படகில் வேலை செய்தவளாம். இரண்டு ரிவோல்வரும் ஒரே ரவையைச் சுடுபவை: நாற்பத்துநாலு மாக்னம். ஒன்றுக்கு இரண்டரை அங்குலக் குழல், ஒரு கிலோவுக்கும் நல்ல குறைவு. மற்றதற்கு ஆறு அங்குலம், ஒன்றேகால் கிலோவுக்கு மேல்.

“சின்னது எப்போதும் உன்னோடு இருக்கும். ஆனால் கையைக் கடிக்கும்,” என்றாள் மார்லா. “பெரியது நீ சொன்ன இடத்தில் சுடும். ஆனால் பாரம் என்று ஒருநாள் கூடாரத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போவாய். கரடி அன்றைக்குத்தான் வரும். இரண்டையும் சுட்டுப் பார்த்து ஒன்றை எடு.”

அவள் தந்ததை வாங்கி, குழலை நிலத்துக்குத் திருப்பி, உருளையைத் திறந்து வெறுமையா என்று பார்த்தேன். அவள் இன்னும் அதைச் சொல்லித்தரத் தொடங்கவில்லை.

“படங்களில் பார்த்தது,” என்றேன்.

படிவத்தில் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

மே 17, புதன்

சுடும் திடல் ஊருக்கு வெளியே, பழைய சரளைக் குழிக்குள். பரீட்சை இதுதான்: பன்னிரண்டு ரவை. சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் குறைந்தது ஒன்பது விழ வேண்டும். முதல் ஆறு நின்ற இலக்கில். மற்ற ஆறு, கரடி வரைந்த பலகையைக் கயிற்றால் எங்களை நோக்கி இழுத்து வரும்போது.

பெரியதில் பன்னிரண்டுக்கு மூன்று. சின்னதில் ஐந்து. முதல் நாளுக்கு இது போதும். யாரும் ஆச்சரியப்படவில்லை.

சின்னதின் உதை பொல்லாதது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் உரிந்துவிட்டது. விசையைச் சுற்றிய இரும்பு வளையம் நடுவிரலில் அடித்து வீங்கியிருக்கிறது.

பின்னேரம் கம்பளிக் காலுறைகள் எட்டுச் சோடி தோய்த்தேன்.

மே 18, வியாழன்

அம்மாவை ரொறன்ரோவுக்கு அழைத்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

“துவக்கோ? உனக்கு ஏன் துவக்கு?”

“கரடிக்கு, அம்மா.”

“கரடி வாற இடத்தில ஏன் வேலை செய்யிறாய்? மீன் எண்ணுறதுக்கு இஞ்ச ஒரு ஆறும் இல்லையே?”

“இது எனக்கு விருப்பமான வேலை.”

அம்மா குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் ஆள் இருப்பதுபோல. அவர் தனியாகத்தான் இருக்கிறார். “உனக்குச் சுடத் தெரியாதெண்டு சொல்லு.”

“சொல்லிட்டன்.”

“அப்பிடியே இரு. விளங்குதோ?”

“ஓம்.”

மே 20, சனி

மழை. திடல் இல்லை. ஆற்றுக்குக் கொண்டுபோகக் கறித்தூளும் பருப்பும் பொதி செய்தேன்.

மே 22, திங்கள்

பெரியதில் நான்கு. சின்னதில் ஆறு.

சின்னதையே எடுப்பதென்று நினைக்கிறேன். காரணங்கள் நல்ல காரணங்கள். இடுப்பில் இருப்பதே தெரியாது. குனிந்து வேலியைத் துப்புரவு செய்யும்போது இடிக்காது. என் கை சிறியது, அதன் பிடியும் சிறியது. வாசிலியும் அதுதான் வைத்திருக்கிறார். மேலும் அதை வைத்துச் சுட்டால் எல்லோரும் ஒரேமாதிரித்தான் சுடுகிறார்கள். மார்லாவே பன்னிரண்டில் ஒன்பதுதான்.

மார்லாவும் வாசிலியும் என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள்.

மே 23, செவ்வாய்

இன்று மார்லா என் பழைய இலக்குத் தாள்களை எடுத்து வந்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

“இவை சின்னதில் சுட்டவை,” என்றாள். ஓட்டைகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. “எல்லோரும் இப்படித்தான். இவை பெரியதில்.”

பெரியதில் சுட்ட தாளில் மூன்று ஓட்டைகள் வட்டத்துக்குள். மற்ற ஒன்பதும் வட்டத்துக்கு வெளியே, இடது கைப்பக்கம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மார்லா தன் கோப்பிக் குவளையை அதன் மேல் வைத்தாள். ஒன்பதும் மறைந்துவிட்டன.

“குறி தவறுகிறவர்கள் இப்படித் தவற மாட்டார்கள்,” என்றாள்.

“குறிகாட்டி பிசகியிருக்கலாம்.”

அவள் அதே ரிவோல்வரை எடுத்து மூன்று முறை சுட்டாள். மூன்றும் நடுவில்.

“குறிகாட்டி சரி,” என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கவனமில்லாமல் இருந்துவிட்டேன். சிதறடித்திருக்க வேண்டும்.

மே 25, வியாழன்

வாசிலி வீட்டில் இரவுச் சாப்பாடு. நாற்பத்தெட்டு வயது, யூப்பிக் இனத்தவர். அந்த ஆற்றுக்கரையிலேயே பிறந்தவர். ஒன்பது கோடைகள் மீன்வேலியில் இருந்திருக்கிறார். புகைபோட்ட சால்மனை நான் சோற்றோடு பிசைந்து தின்பதைப் பார்த்துத் தானும் அப்படித் தின்றார்.

கோப்பைகளைக் கழுவி அடுக்கும்போது, மேல்தட்டுக்கு அவர் வலது கையை உயர்த்தவில்லை என்பதைக் கவனித்தேன். அவரும் நான் கவனித்ததைக் கவனித்தார்.

“பனியில் வண்டி புரண்டது. ஜனவரியில்,” என்றார். “தோளில் சத்திரசிகிச்சை. வைத்தியர் சரி என்று எழுதித் தந்துவிட்டார். ஆனால் சரியில்லை. நீள்துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட என்னால் முடியாது. அதனால்தான் இந்தச் சின்னதை வைத்திருக்கிறேன். இதைச் சுட்டாலும் ஒரு முறைதான் சுடுவேன். இரண்டாவது முறை கை உயராது.”

“அலுவலகத்துக்கு?”

“தெரியாது. தெரிந்தால் அனுப்ப மாட்டார்கள். ஆனால் நீ என்னோடு வருகிறவள். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று நீ சொன்னால் நான் கோபிக்க மாட்டேன்.”

நான் வருவேன் என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு, “உனக்குச் சூட்டுப் பயிற்சி எப்படிப் போகிறது?” என்று கேட்டார்.

“பழகிக்கொண்டு வருகிறேன்.”

“நல்லது,” என்றார் அந்த மனிதர்.

மே 26, வெள்ளி

பரீட்சை. சின்னதை எடுத்தேன். ஒன்பது வேண்டும், ஒன்பதுக்கு மேல் வேண்டாம் என்றுதான் போனேன்.

நின்ற இலக்கில் ஐந்து. பலகை வந்தபோது முதல் வெடி பட்டது. இரண்டாவதற்குக் குழலை இறக்கிக் குறிக்குக் கொண்டுவருவதற்குள் பலகை பாதித் தூரம் வந்துவிட்டது. குழலிலிருந்து நெருப்பு, கண் கூச்சம், விரலில் இரத்தம். மொத்தம் ஏழு.

இன்று நான் வேண்டுமென்று எதையும் தவறவிடவில்லை.

தோல்வி. செவ்வாய்க்கிழமை இன்னொரு முறை விடுவார்கள். அதிலும் போனால் ஆய்வுகூடம். ஆற்றுக்கு வேறு யாரோ. மார்லா விரலுக்குக் கட்டுப்போட்டாள். “வாசிலியின் தோள் பற்றி எனக்குத் தெரியும்,” என்றாள் மெதுவாக. “பத்து வருடமாக அவர் சுடுவதைப் பார்க்கிறேன். அவர் போகவேண்டிய ஆள், அதனால் புதிதாகப் பரீட்சை வைக்காமல், போன வருடச் சான்றையே ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்கிறேன். ஆனால் அவரோடு போகிறவர் யார் என்பதில் நான் பேசாமல் இருக்க மாட்டேன்.”

மே 28, ஞாயிறு

இரண்டு நாளாக இந்தக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

2008 செப்டெம்பரில், வன்னியில், ரியூசனுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது என்னை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பதினாறு வயது. அன்று பின்னேரமே இரட்டைப் பின்னலை வெட்டினார்கள். ஐந்து மாதம் அவர்களோடு இருந்தேன். துவக்கு தந்தார்கள். பழக்கினார்கள்.

பெப்ரவரியில் ஒரு காலை, எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா, தண்ணீர் எடுக்க என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனா. ஒரு மணித்தியாலம் நடந்தோம். அம்மா இருந்த தறப்பாள் கூடாரத்துக்கு முன்னால் என்னை விட்டுவிட்டு, அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனா. ஏன் என்னை மட்டும் என்று எனக்குத் தெரியாது. முப்பது பேர் இருந்தோம். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. வெட்டிய தலைமயிரைக் கண்டால் பிடிபடுவேன் என்று, மயிர் வளரும்வரை என்னைப் பதுங்குகுழியை விட்டு வெளியே விடவில்லை. பிறகு அகதி முகாம், பிறகு கனடாவில் மாமா வீடு, பிறகு பல்கலைக்கழகம், மீன்கள்.

இன்று அம்மாவிடம் சொன்னேன்: “செவ்வாய்க்கிழமை ஒழுங்காச் சுடப்போறன்.”

“வேண்டாம்.”

“ஒரு மனுசன் என்னை நம்பி வாறார், அம்மா. அவற்ர கை ஏலாது. அதை என்னட்டை ஒளிக்காமல் சொன்னவர்.”

“ஆர் எண்டாலும் இருக்கட்டும். உனக்கு அது ஏலுமெண்டு ஒருத்தருக்கும் தெரியவேண்டாம். பதினாலு வருசமாக் காப்பாத்தி வச்சிருக்கிறன்.”

“எதை?”

“உன்னை,” என்றார் அம்மா. அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மேலே ‘பழக்கினார்கள்’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். அதில் நான் கெட்டிக்காரி. அது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

மே 30, செவ்வாய்

பெரியதை எடுத்தேன்.

காலைக் காற்று கொஞ்சம் இருந்தது. ஆறு அங்குலக் குழலின் பாரம் கையை நிலத்தோடு கட்டிவைத்ததுபோல் இருந்தது. வெடித்ததும் மேலே எழும்புகிறது. அதன் பாரமே அதைத் திரும்பக் குறிக்குக் கொண்டுவருகிறது. சின்னதில் ஒன்று சுடும் நேரத்தில் இதில் இரண்டு. பலகை வந்தது. எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

கரடிப் பலகையில் விழுந்த ஆறையும் மார்லா விரலால் தொட்டுப் பார்த்தாள். காது மூடியைக் கழற்றினாள்.

“எங்கே பழகினாய்?”

“எங்கள் ஊரில் யுத்தம். எனக்குப் பதினாறு வயது. நான் கேட்டுப் போகவில்லை.”

அவள் தன் சப்பாத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நின்றேன். மேலே ஏதும் கேட்டால் போய்விடுவது என்றும் நினைத்தேன்.

“இதற்கு இடுப்பு உறை சரிவராது,” என்றாள். “தண்ணீருக்குள் இறங்கினால் இடுப்பு நனையும். மார்பு உறை தருகிறேன். வா, வாரை அளவெடுக்க வேண்டும்.”

படிவத்தை எடுத்து ‘இல்லை’யை வெட்டினேன். ‘உண்டு’ என்று எழுதினேன்.

ஜூன் 5, திங்கள்

மிதவை விமானத்தில் வந்து இறங்கி நான்கு நாள். கூடாரம் இரண்டு, சுற்றிவர மின்வேலி, சமையல் கூடாரம் நூறு மீற்றர் தள்ளி. மீன்வேலியின் கம்பிச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஆற்றுக்குள் இறக்கி நிறுத்தினோம். வாசிலி இடக்கையால், நான் இரு கையாலும்.

மார்பு உறை கழுத்தை அறுக்கிறது. குனிந்தால் பிடி தாடையில் இடிக்கிறது. வலது தோளில் வார் பட்ட இடம் புண்.

கழற்றவில்லை.

ஜூன் 9, வெள்ளி

வேலியில் சிக்கிய கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தபோது வாசிலியிடம் சொன்னேன். எல்லாம் இல்லை, போதுமான அளவு. முதலில் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அவர் ஒரு பெரிய கிளையைத் தண்ணீரோடு போகவிட்டு, அது வளைவில் மறையும்வரை பார்த்தார்.

“அந்த வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்,” என்றார். கொஞ்சம் கழித்து, “கறி கொஞ்சம் உறைப்புக் குறைத்துப் போடுவாயா? மூன்று நாளாக வயிறு எரிகிறது,” என்றார்.

இருவரும் சிரித்தோம்.

ஜூன் 14, புதன்

முதல் சிவப்பு சால்மன். காலை 7.40. தனியாக வந்தது. வாயிலுக்கு முன் நின்று யோசித்துவிட்டு ஏறிப் போனது. ஒன்று.

ஜூன் 25, ஞாயிறு

ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் ஏறுகின்றன.

ஒரு பெரிய ஆண் கரடி மூன்று நாளாக வருகிறது. மெலிந்தது, வாயின் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. மற்றக் கரடிகள் நாங்கள் சத்தம் போட்டால் விலகிப் போகும். இது விலகுவதில்லை. நேற்று வாயிலருகே ஒரு சட்டத்தையே பிடுங்கியது. வெடி கொளுத்தி எறிந்தோம். இருபது அடி போய் இருந்துகொண்டு எங்களைப் பார்த்தது.

“இதற்குப் பசி,” என்றார் வாசிலி.

ஞாயிறுகளில் ஆளுக்குப் பத்து நிமிடம் செய்மதித் தொலைபேசி. அம்மா எடுக்கவில்லை. நான்காவது ஞாயிறு.

ஜூன் 28, புதன்

காலை பத்தரை மணி. கரடி மறுபடியும் பிடுங்கிய சட்டத்தைத் திருத்த வாசிலி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நான் சரளைக் கரையில், அவரிடமிருந்து ஐந்து மீற்றரில், கம்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரடி கீழ்க்கரைப் பற்றைக்காட்டிலிருந்து வந்தது. அந்த ஆண் கரடிதான்.

இருவரும் கத்தினோம். நிற்கவில்லை. மிளகுத் தெளிப்பானை அடித்தேன். காற்று அதைத் திருப்பி என் முகத்தில் போட்டது. கரடி தலையைத் தாழ்த்திக் காதுகளைப் பின்னால் மடித்தது. வாசிலி கரையேறப் பார்த்தார். வலக்கை இழுக்கவில்லை, சறுக்கினார். அவருடைய ரிவோல்வர் இடுப்பில் இருந்தது. இடுப்பு தண்ணீருக்குள் இருந்தது.

ஓடி வந்தது. கண் எரிந்துகொண்டிருந்தது, ஆனால் குறிகாட்டி தெரிந்தது. பதினைந்து மீற்றரில் முதல் வெடி. பட்டது. கரடி முழங்காலில் குத்தி, எழும்பி, அதே வேகத்தில் வந்தது. குழல் இறங்கிக் குறிக்கு வந்தது. இரண்டாவது.

வாசிலியின் கைக்கு எட்டும் தூரத்தில், தலை தண்ணீரில், உடம்பு கரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஆறு சிவப்பாகப் போனது. மீன்கள் அதற்குள்ளால் ஏறிக்கொண்டிருந்தன.

வாசிலி கரையில் உட்கார்ந்து தன் கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு கரடியின் நெற்றியில் கை வைத்து, தன் மொழியில் ஏதோ சொன்னார். நான் மிச்ச நான்கு ரவைகளையும் எடுத்துச் சரளையில் வரிசையாக வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 29, வியாழன்

உயிர் காக்கச் சுட்டால் தோலையும் மண்டையோட்டையும் உரித்து ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஏழு மணித்தியாலம். அவர் சொல்ல நான் வெட்டினேன். கீழ்த்தாடையில் இரண்டு பற்கள் அழுகி, எலும்புவரை சீழ். ஒழுங்காகத் தின்ன முடியாமல் எத்தனை நாள் நடந்ததோ.

கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பெருமை எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. வெட்கமும் வரவில்லை. கை முழுக்கக் கரடிக் கொழுப்பு. கை நோகிறது.

“நீ சின்னதை எடுத்திருந்தால்?” என்று கேட்டார் வாசிலி.

“முதல் வெடி பட்டிருக்கும்,” என்றேன்.

அவர் தலையசைத்தார். கத்தியைத் தீட்டித் தந்தார்.

ஜூலை 2, ஞாயிறு

இன்று அம்மா எடுத்தார்.

“அம்மா, ஒரு கரடியைச் சுட்டிட்டன்.”

செய்மதித் தொலைபேசியில் குரல் ஒரு நொடி பிந்தித்தான் வரும்.

“உனக்கு ஏதும்?”

“ஒண்டுமில்லை.”

“அந்த மனுசனுக்கு?”

“ஒண்டுமில்லை.”

“எத்தினை வெடி?”

“ரெண்டு.”

“ரெண்டும் பட்டிருக்கும்,” என்றார் அம்மா. “அந்தப் பிள்ளை அண்டைக்கே சொன்னவள்.”

“எந்தப் பிள்ளை?”

“உன்னைக் கொண்டுவந்து விட்டவள். ‘உங்கட மகள்தான் எங்களுக்குள்ள ஆகத் திறமாச் சுடுறவள், அம்மா. அதால நாளைக்கு அவளை முன்லைனுக்கு விடப்போகினம். ஒளிச்சு வையுங்கோ’ எண்டு சொன்னவள். இரு பிள்ளை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டன். நேரமில்லையெண்டு போனவள். அண்டையிலயிருந்து உனக்குச் சுடத் தெரியுமெண்டு ஆர் அறிஞ்சாலும், திரும்பவும் வந்து கொண்டுபோயிடுவினம் எண்டுதான் எனக்குப் பயம்.”

பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். “ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் நீ அவளிட்டைத் திரும்பிப் போயிருப்பாய்.”

போயிருப்பேன்.

“அவளின்ர பேர் என்ன, பிள்ளை? நான் கேக்காமல் விட்டிட்டன். நாளைக்குக் கோயிலில அவளின்ர பேரில ஒரு அர்ச்சனை செய்யவேணும்.”

“அவ இருக்கிறாவோ இல்லையோ தெரியாதே, அம்மா.”

“இருக்கிறாளெண்டு நினைச்சே செய்வம். பேரைச் சொல்லு.”

“வீட்டுப் பேர் தெரியாது. அங்க வச்ச பேர்தான் தெரியும். இசைமதி.”

அம்மா தாளில் எழுதும் சத்தம் கேட்டது.

“நட்சத்திரம்?”

“தெரியாது.”

“பறவாயில்லை,” என்றார் அம்மா. “உன்ர நட்சத்திரத்தைச் சொல்லுறன்.”